துண்டு திரும்பிப் போகும் இடம்

எங்கள் அப்பாவின் கடையில் மூன்று விதமான காசு புழங்கியது. ஒன்று, அரசாங்கம் வெளியிட்ட ரூபாய்த் தாளும் சதக் குற்றியும். இரண்டாவது, மேசை லாச்சிக்குள் எப்போதும் கிடந்த நீளமான கடன் கொப்பி. மூன்றாவது, கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எழுதிக் கொடுக்கும் துண்டு. இந்த மூன்றாவதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாட்களாக எண்ணியிருந்தேன். 2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது, ஒஸ்திரியாவில் தானே காசு அச்சிட்ட ஒரு சிறிய நகரத்தின் கதையைத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கும், அந்தக் கதையைச் சொல்பவர்கள் அதன் உயிரான பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியதற்கும் அந்தத் துண்டுதான் காரணம்.

நான் சொல்வது 1970களின் முற்பகுதி. கடை திருகோணமலையில், திருக்கடலூருக்குப் போகும் வழியில் இருந்தது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிக் கரைவலை இழுக்கும் காலம் தொடங்கினால், கரையில் நாள்தோறும் மீன் விழும்; ஆனால் நாள்தோறும் காசு விழாது. ஐஸ் போட்டு அடுக்கிய மீனை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன லொறி திரும்பி வந்து கணக்குத் தீர்க்கும்வரை சம்மாட்டியின் மடியிலும் ஒன்றும் இராது. வலை இழுத்தவர்களோ அன்றைக்கே அரிசியும் தேங்காயும் வாங்க வேண்டியவர்கள். ஆகவே சம்மாட்டி ஒரு கொப்பித் தாளை நாலாகக் கிழித்து, தொகையையும் திகதியையும் எழுதி, கீழே கையெழுத்து வைத்து அவர்களிடம் கொடுப்பார். அவர்கள் அதைக் கொண்டுவந்து எங்கள் கடையில் சாமான் வாங்குவார்கள். அப்பா சில துண்டுகளை வைத்துக்கொள்வார். சிலவற்றை விறகு வண்டிக்காரருக்குக் கொடுப்பார். விறகு வண்டிக்காரர் தையற்காரருக்குக் கொடுப்பார். தையற்காரர் சம்மாட்டியிடமே கருவாடு வாங்குபவர் என்பதால் துண்டு ஒருநாள் அது பிறந்த கைக்கே போய்ச் சேரும். இடையில் ஒரு ரூபாய்கூடக் கைமாறாமல் ஐந்தாறு வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும்.

துண்டு வாங்கும்போதெல்லாம் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இதை ஆர் திருப்பி எடுக்கிறது?" கையெழுத்தை அவர் பார்ப்பதில்லை, கையெழுத்து அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. ஐம்பது வருடங்களுக்குப் பின்னர், பெற்றோல் வரிசையில் நின்ற ஒரு பகற்பொழுதில்தான் விளங்கியது.

அது 2022 ஜூன் மாதம். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் ஊரிலேயே எரிபொருளுக்காக மக்கள் இரவும் பகலும் வீதியில் படுத்துக் கிடந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்றே அழைப்பேன். அவர்தான் வோர்கல் என்ற பெயரை எனக்கு முதன்முதலில் சொன்னார். "தம்பி, தொண்ணூறு வருசத்துக்கு முந்தி ஒரு சின்ன நகரசபை தானே காசு அடிச்சு ஊரை நிமிர்த்தினது. எங்கட நகரசபைக்கு ஏன் ஏலாது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மின்வெட்டு இல்லாத நேரங்களில், கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

வோர்கல், ஒஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில், இன் என்னும் ஆற்றின் கரையில் உள்ளது. அக்காலத்தில் நாலாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த, புகையிரதப் பாதைகள் சந்திக்கும் ஊர். 1931 மே மாதத்தில் ஒஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்டன்ஸ்டால்ட் நொடிந்தபோது அந்த அதிர்ச்சி ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. வோர்கலில் புகையிரதச் சேவையும் அயலில் இருந்த ஆலைகளும் ஆட்களைக் குறைத்தன. வேலையற்றவர்கள் வரி கட்டவில்லை. வியாபாரம் படுத்த கடைக்காரர்களும் கட்டவில்லை. நகரசபைக்கு வர வேண்டிய வரி நிலுவை ஒரு லட்சம் சில்லிங்கைத் தாண்டியது. சபையோ வெளியில் வாங்கிய கடனுக்கு வட்டிகூடக் கட்ட முடியாமல் இருந்தது. தெருக்கள் குண்டும் குழியுமாகக் கிடந்தன. அவற்றைச் செப்பனிடத் தெரிந்த கைகள் அதே தெருக்களில் சும்மா நின்றன.

அந்த ஊரின் நகரபிதா மிக்கேல் உண்டர்குக்கன்பெர்கர் புகையிரதத் தொழிலாளியாக இருந்து வந்தவர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 1931 இறுதியில்தான் பதவிக்கு வந்திருந்தார். அவர் சில்வியோ கெசெல் என்னும் வணிகரின் எழுத்துகளைப் படித்தவர். கெசெலின் வாதம் எளிமையானது. உருளைக்கிழங்கு அழுகும், இரும்பு துருப்பிடிக்கும், துணி நைந்துபோகும்; பணம் மட்டும் பெட்டிக்குள் கிடந்தாலும் குறையாது. ஆகவே பணத்தை வைத்திருப்பவன் காத்திருக்கலாம், பொருளையும் உழைப்பையும் வைத்திருப்பவன் காத்திருக்க முடியாது. பணமும் மற்றப் பொருள்களைப் போலத் தேய வேண்டும் என்றார் அவர். பின்னாளில் கெயின்ஸ் 1936இல் வெளியிட்ட தமது பெருநூலில் இந்த மனிதருக்குப் பல பக்கங்களை ஒதுக்கி மரியாதையோடு எழுதினார்.

1932 ஜூலை 31ஆம் திகதி நகரசபை தனது முதல் தொகுதிச் சீட்டுகளை வெளியே விட்டது. அவற்றுக்குப் பணம் என்ற பெயர் சூட்டப்படவில்லை. செய்த வேலைக்கான சான்றுச் சீட்டு என்றே பெயர். 1, 5, 10 சில்லிங் என மூன்று அளவில் அச்சிட்டார்கள். துயரைத் தணிக்கும், வேலையும் ரொட்டியும் தரும் என்ற கருத்துள்ள வாசகம் அவற்றில் இருந்தது. மொத்தம் 32,000 சில்லிங்குக்கு அச்சடித்தாலும் ஒரே வேளையில் ஊரில் சுற்றியது சராசரியாகச் சுமார் 5,500 சில்லிங் மட்டுமே. மாத முடிவில் சீட்டை வைத்திருப்பவர் அதன் பெறுமதியில் 1 வீதத்துக்கு ஒரு முத்திரையை வாங்கி ஒட்ட வேண்டும்; ஒட்டாத சீட்டு முழுப் பெறுமதிக்குச் செல்லாது. ஆகவே மாதக் கடைசியில் யாரும் அதைக் கையில் வைத்திருக்க விரும்பவில்லை. வெளியான சீட்டுகளுக்கு ஈடாக அதே அளவு உண்மையான சில்லிங் ஊரின் ரைஃபைசன் கூட்டுறவு வங்கியில் இருந்தது. யாராவது சீட்டைச் சில்லிங்காக மாற்ற விரும்பினால் 2 வீதக் கழிவோடு மாற்றலாம்.

கதையைச் சொல்பவர்கள் இந்த முத்திரையில்தான் நின்றுவிடுகிறார்கள். துருப்பிடிக்கும் பணம் என்ற எண்ணம் கவர்ச்சியானது; நானும் முதல் வாசிப்பில் அதில்தான் மயங்கினேன். இரண்டாம் வாசிப்பில் என் கண்ணில் பட்டது வேறொன்று. முதலில் வெளியே போன அந்தச் சீட்டுத் தொகுதியும் சில நாட்களுக்குள்ளேயே நகரசபைக்கு வரியாகத் திரும்பி வந்துவிட்டது. தெரு வேலை செய்தவன் சீட்டைக் கொண்டுபோய் ரொட்டிக்காரனிடம் கொடுத்தான். ரொட்டிக்காரன் மூன்று வருடமாகக் கட்டாமல் வைத்திருந்த வரிக்கு அதை நகரசபையில் கட்டினான். நகரசபை அதே சீட்டை மறுநாள் இன்னொரு தெரு வேலைக்குக் கூலியாகக் கொடுத்தது. மாதக் கடைசியில் முத்திரைக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக அடுத்த வரியை முற்பணமாகவே கட்டியவர்களும் இருந்தார்கள். அப்பாவின் கேள்வி இந்த இடத்தில்தான் என் காதில் மறுபடியும் கேட்டது. இதை ஆர் திருப்பி எடுக்கிறது? வோர்கலில் அதற்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை இருந்தது: நகரசபை எடுக்கும், வரியாக எடுக்கும், எத்தனை சீட்டுக் கொண்டுவந்தாலும் எடுக்கும். வசூலாகாது என்று எல்லோரும் கைவிட்ட வரி நிலுவைதான் அந்தச் சீட்டுகளுக்கு உயிர் கொடுத்தது. கடன் சுமையாகத் தெரிந்த ஒன்றில் ஒரு ஊரின் காசுக்கு அடித்தளம் இருப்பதைக் கண்டுகொண்டதுதான் அந்தப் புகையிரதத் தொழிலாளியின் மேதைமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. அவர் சீட்டை அடித்துவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. கடைக்காரர்களிடமும் அரசியலில் தமக்கு எதிரணியில் இருந்தவர்களிடமும் முன்கூட்டியே பேசி இணங்க வைத்தார். தபால் நிலையமும் புகையிரத நிலையமும் கடைசிவரை சீட்டை ஏற்கவில்லை, ஏனென்றால் அவை ஊருக்குச் சொந்தமானவை அல்ல. ஊருக்குச் சொந்தமானவர்கள் ஏற்றார்கள். ஒரு வருடத்துக்குள் தெருக்கள் செப்பனிடப்பட்டன, வடிகால்கள் வெட்டப்பட்டன, தெருவிளக்குகள் போடப்பட்டன, பனிச்சறுக்குத் தாவல் மேடை ஒன்று எழுந்தது, பாலம் ஒன்று கட்டப்பட்டது. அந்தப் பாலத்தில் 1933இல் விடுதலைப் பணத்தால் கட்டப்பட்டது என்று பொறித்தார்கள்; தேயும் பணத்துக்குக் கெசெல் வைத்த பெயர் அது. அயலில் இருந்த கிர்ச்பிக்ல் ஊரும் சேர்ந்துகொண்டது. வேறு பல நகரங்கள் தாமும் செய்யப் புறப்பட்டன. அந்த ஆர்வமே வினையாகவும் முடிந்தது. நாணயம் வெளியிடும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று ஒஸ்திரிய தேசிய வங்கி எதிர்த்தது. 1933 செப்டம்பரில் சீட்டுகள் நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் நிர்வாக நீதிமன்றம் நகரசபையின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 1934இல் சமூக ஜனநாயகக் கட்சியே தடைசெய்யப்பட்டபோது உண்டர்குக்கன்பெர்கர் பதவி இழந்தார். 1936இல் இறந்துபோனார்.

இவற்றையெல்லாம் படித்து முடித்துவிட்டு அண்ணையைத் தேடிப் போனேன். அவருடைய வீடு உப்புவெளியில். விறாந்தையில் இருந்து பேசினோம். அவர் எதிர்பார்த்த பதிலை நான் கொண்டுபோகவில்லை. வோர்கலின் நோயும் எங்களுடைய நோயும் ஒன்றல்ல என்று சொன்னேன். 1932இல் ஒஸ்திரியாவில் விலைகள் விழுந்துகொண்டிருந்தன. கடைகளில் பொருள் இருந்தது, வயல்களில் விளைச்சல் இருந்தது, கைகள் சும்மா இருந்தன, இவற்றை இணைக்கும் காசு மட்டும் பெட்டிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. 2022இல் எங்களிடம் காசு ஒளியவில்லை. காசின் பெறுமதிதான் ஒழுகிப்போனது. அந்த வருடத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. இன்றைக்கு வாங்காவிட்டால் நாளைக்கு விலை கூடிவிடும் என்று சனம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும்போது, மாதம் 1 வீதம் தேயும் சீட்டைக் கொடுத்து இன்னும் வேகமாகச் செலவழியுங்கள் என்று சொல்வதில் என்ன பயன்? எங்கள் ரூபாய் அதைவிட வேகமாகத் தேய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது தடையை விளக்க நான் கடலைத்தான் காட்டினேன். எங்கள் கரையில் படகுகள் ஓடாமல் கிடந்ததற்குக் காரணம் மண்ணெண்ணெய் இல்லாமை. அது டொலருக்கு வரும் பொருள். அந்த ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. நகரசபை அச்சிடும் எந்தச் சீட்டும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயைக் கப்பலிலிருந்து இறக்காது. வோர்கலின் தபால் நிலையமும் புகையிரத நிலையமும் எவ்வளவு தூரத்தில் நின்றனவோ அதைவிடப் பல மடங்கு தூரத்தில் எங்கள் எரிபொருளும் கோதுமையும் பால்மாவும் நின்றன. அண்ணை நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப தம்பலகாமத்து நெல்லு? சல்லிக் கரை மீன்? மூதூர்த் தயிர்? பாலையூற்றிலை மேசன் வேலை செய்யிற பெடியள்? அதுகளெல்லாம் கப்பலிலையா வருகுது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நேர்மையாகச் சொல்வதானால், 2022இல் நான் சொன்னது சரி, 2023இல் அவர் சொன்னது சரி. ஏனென்றால் நோய் இடையில் மாறிவிட்டது. மத்திய வங்கி வட்டியை ஏற்றியது, பணவீக்கம் 2023 ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, வரிசைகள் மறைந்தன, கடைகளில் சாமான் நிறைந்தது. ஆனால் வாங்குவதற்கு மனிதர் கையில் காசு இல்லை. மின்கட்டணம் மலைபோல் ஏறியிருந்தது. சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. மத்திய வீதியில் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் விளக்கைப் பாதி அணைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மேசன்மார் வேலை இல்லாமல் சந்திகளில் நின்றார்கள். வீட்டுக்காரர்கள் சுவர் வெடித்ததைப் பார்த்துக்கொண்டு காசு இல்லையே என்றார்கள். 1932இன் வோர்கலைப் பார்க்க விரும்பியவர் அப்போது ஒஸ்திரியாவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

அப்போது எங்கள் நகரசபை என்ன செய்திருக்கலாம் என்று நானும் அண்ணையும் பல மாலைகள் பேசினோம். ஊரில் வீடு, காணிகளுக்கான சோலைவரி நிலுவை உண்டு. சந்தைக் கட்டடங்களின் வாடகை உண்டு. சனவரி 31க்குள் ஆண்டு முழுவதற்குமான சோலைவரியைக் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். அதாவது முன்கூட்டி வரி கட்டுவதற்கு ஒரு சலுகை கொடுக்கும் மனம் எங்கள் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வாடை மழை வருவதற்கு முன்னர் வடிகால்களைத் துப்புரவாக்குவது, கடற்கரையைச் சுத்தம் செய்வது, உள்ளூர் மேசனையும் உள்ளூர் மணலையும் கொண்டு முடிக்கக்கூடிய சிறு வேலைகள், இவற்றுக்குக் கூலியில் ஒரு பங்கைச் சீட்டாகக் கொடுத்து, அந்தச் சீட்டைச் சோலைவரிக்கும் சந்தை வாடகைக்கும் சபை தடையின்றி ஏற்றுக்கொண்டால், அது தம்பலகாமத்து அரிசிக்கும் சல்லி மீனுக்கும் ஊருக்குள் சுற்றியிருக்கும். கூலி முழுவதையும் சீட்டாகக் கொடுப்பது பாவம். மண்ணெண்ணெயும் மருந்தும் ரூபாய்க்குத்தான் கிடைக்கும். ஒரு பங்கு என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எவ்வளவு சீட்டு வெளியே போகலாம் என்பதற்கும் ஒரே அளவுகோல்தான்: அந்த ஆண்டு சபைக்கு வரவேண்டிய வரிக்கும் வாடகைக்கும் மேல் ஒரு சதம்கூடக் கூடாது.

இந்த அளவுகோலில் நான் ஏன் இவ்வளவு இறுக்கம் காட்டினேன் என்பதற்கு ஆர்ஜென்டீனாவை நினைக்க வேண்டும். 2001இல் அந்நாட்டில் காசு வறண்டபோது இரண்டு விதமான மாற்றுச் சீட்டுகள் ஒரே காலத்தில் புழங்கின. புவெனஸ் அயர்ஸ் மாகாண அரசு வெளியிட்ட பட்டகோன் என்னும் பத்திரத்தை மாகாணம் வரியாகத் திருப்பி எடுத்தது. பிற்பாடு மத்திய அரசு அவற்றை மீட்டு ஒழுங்காக முடித்துவைத்தது. பண்டமாற்றுச் சங்கங்கள் வெளியிட்ட கிரெடிட்டோ என்னும் சீட்டுகளோ பல லட்சம் பேருக்குச் சோறு போட்ட பின்னரும், அளவுமீறி அச்சிடப்பட்டும் கள்ளச் சீட்டுகள் கலந்தும் 2002இல் குப்பையாகிப் போயின. அந்தச் சங்கங்களை நடத்தியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களுடைய சீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் பேச்சு பேச்சாகவே நின்றது. உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்துபோனது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போய் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. மக்கள் மிகவும் நெருக்கடிப்பட்ட அந்த இரண்டு வருடங்களிலும் திருகோணமலையில் மட்டுமல்ல, நாட்டின் ஏறத்தாழ எல்லா ஊர்களிலுமே கடைக்காரர்களின் வாசலுக்குப் போய்ப் பேசி இணங்க வைக்கக்கூடிய தெரிவுசெய்யப்பட்ட தலைவர் ஒருவரும் சபையில் இருக்கவில்லை. இது எனக்குப் பெரிய மனத்தாங்கல். அதற்கு மேலாக, 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் நாணயம் வெளியிடும் உரிமையை மத்திய வங்கிக்கே தனியுரிமையாக வைத்திருக்கிறது. 1933இல் ஒஸ்திரிய தேசிய வங்கி சொன்ன அதே வார்த்தையை எங்கள் மத்திய வங்கியும் சொல்லியிருக்கும். அதைப் பிழை என்று ஒரேயடியாகச் சொல்லவும் நான் துணியமாட்டேன். ஆளாளுக்கு அடித்துவிடும் காசால் ஏழைகள்தான் கடைசியில் ஏமாறுவார்கள் என்ற பயம் நியாயமானது. வரியை முன்கூட்டிக் கட்டியதற்கான பற்றுச்சீட்டாக, மத்திய வங்கியின் அனுமதியோடு, ஒரு ஊரில் ஒரு வருடம் பரீட்சித்துப் பார்க்க இடம் கொடுக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

இந்தத் தீவுக்கு இது புதிதும் அல்ல. கோப்பிக் காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பிலும் மலைநாட்டிலும் இருந்த கோப்பிக் கம்பனிகள் தாமே காசு போன்ற வில்லைகள் அடித்துக் கூலியாகக் கொடுத்தன. 1884 மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி மூடப்பட்டு அதன் தாள்கள் எல்லோர் கையிலும் வெறும் கடதாசியாகவிருந்த தறுவாயில், ஆளுநர் ஆதர் கோர்டன் அரசாங்கம் அவற்றுக்குப் பொறுப்பு என்று அறிவித்துப் பதற்றத்தைத் தணித்தார். அதன் பிறகே இலங்கை அரசாங்கம் தன் பெயரில் தாள் வெளியிடத் தொடங்கியது. 1942இல் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஐந்து சதத்துக்குத் தாள் அச்சிட்டார்கள். அதன் நடுவில் முத்திரைக்கு இருப்பதுபோலத் துளைவரிசை இருந்தது. கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மற்றப் பக்கம் 3 சதம். தேவை வந்தபோது அரசாங்கமே சிறு கடதாசியில் காசு செய்திருக்கிறது. திருகோணமலையில் யப்பானியக் குண்டுகள் விழுந்ததும் அதே 1942இல்தான்; அந்த ஐந்து சதத் தாளைக் கையில் வைத்திருந்ததாக என் அப்பம்மா சொல்லுவார்.

சம்மாட்டியின் துண்டுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு வருடம் மீன் பாடு மிகவும் குறைந்தது. சம்மாட்டி நல்ல மனிதர்; வலை இழுப்பவர்களின் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று வரப்போகும் மீனை நம்பித் துண்டு எழுதிக்கொண்டே போனார். வரவேண்டிய மீன் வரவில்லை. முதலில் தையற்காரர் துண்டு வாங்குவதை நிறுத்தினார், பிறகு விறகு வண்டிக்காரர் நிறுத்தினார். அப்பா மட்டும் வாங்கினார். வாங்காவிட்டால் அந்த வீடுகளில் உலை வைக்க வழியில்லை. வாடை தொடங்கியபோது எங்கள் லாச்சிக்குள் ஒரு கட்டுத் துண்டு சேர்ந்திருந்தது. அம்மாவின் காப்பு இரண்டும் அந்த மாரியில் அடகுக்குப் போயின. இதைப் பற்றி அப்பாவும் அம்மாவும் எங்களுக்கு முன்னால் ஒரு நாளும் பேசியதில்லை.

அடுத்த பருவத்தில் அப்பாவும் சம்மாட்டியும் கரையில் இருந்து ஒரு இணக்கத்துக்கு வந்தார்கள். புதிதாக ஒரு துண்டும் எழுதுவதில்லை. பழைய துண்டுகளை வாரத்துக்கு இரண்டாகக் கருவாட்டில் தீர்ப்பது. வாரந்தோறும் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சம்மாட்டி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, தன் கையெழுத்தைப் பார்த்து, திகதியை வாய்விட்டு வாசிப்பார். பிறகு நெத்தலிக் கருவாட்டை நிறுத்துப் பன்பையில் போட்டுத் தருவார். கடைசித் துண்டைக் கொண்டுபோன அன்று அவர் மனைவி வாடிக்கு வெளியே கல்லடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தார். சம்மாட்டி அந்தத் துண்டை இரண்டாகக் கிழித்து அடுப்புக்குள் போட்டார். அது எரிந்து முடியும்வரை என்னையும் நிற்கச் சொன்னார். பிறகு, "அப்பாட்டைச் சொல்லு தம்பி, எல்லாம் திரும்பி வந்திட்டுதெண்டு" என்றார்.